வாசகர் கேட்டவை: பட்டம் வாங்கியபின் தாதிமை

வணிகவியல் பட்டதாரி நான், வயது 31, வங்கியில் 7 ஆண்டு வேலை. தாதிமைக்கு மாற நினைக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாமா? அறிவியலே படிக்காதது தடையாகுமா?
_வாசகி, உட்லண்ட்ஸ்_

நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கட்டணத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதல் பட்டத்துக்கே அரசாங்கக் கட்டணச் சலுகையை அனுபவித்தவருக்கு இன்னொரு இளநிலைப் பட்டத்துக்கு அது மறுபடி கிடைக்காது. முழுக் கட்டணமும் உங்கள் கையிலிருந்துதான் போகும். அதனால்தான் உங்களைப் போன்ற பெரும்பாலோர், நிதியாதரவு தரும் நிறுவனமே கட்டணத்தைக் கட்டும் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டத்தின் வழியாக வருகிறார்கள்.

இத்திட்டத்தில் சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் சேரலாம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், குறைந்தது 2 ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2 ஆண்டில் தாதிமை இளநிலைப் பட்டம் முடிக்கலாம். இன்னொரு வழி நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியின் 2 ஆண்டு டிப்ளோமா. அறிவியல் படிக்காதது தடையல்ல. ஆனால் முதல் பருவத்திலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும் கழுத்தை நெரிக்கும். சேர்வதற்கு முன்பே இதயம், சிறுநீரகம், நுரையீரல் மூன்றின் வேலையையாவது படித்துவைத்தால் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

பலர் சறுக்குவது வேறோர் இடத்தில். இதைக் கல்லூரி விண்ணப்பமாக எண்ணி மதிப்பெண் சான்றிதழ்களை அடுக்குகிறார்கள். உண்மையில் இது வேலைக்கான விண்ணப்பம். பொதுச் சுகாதாரக் குழுமங்களின் தாய் நிறுவனமான எம்ஓஎச் ஹோல்டிங்ஸின் இணையவாசலில் விண்ணப்பிக்கிறீர்கள். சிங்ஹெல்த் போன்ற பொதுச் சுகாதாரக் குழுமங்கள் உங்களை எதிர்கால ஊழியராக எடைபோடுகின்றன. "சேவை மனப்பான்மை உண்டு" என்ற ஒற்றை வரியைக் கேட்டுக் கேட்டு நேர்முகக் குழுவுக்குக் காது புளித்திருக்கும். அவர்கள் கேட்பது இது போன்றவை: கத்திய வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தீர்கள்? இரவுப்பணி வந்தால் வீட்டில் குழந்தையை யார் பார்ப்பார்கள்? உங்களைவிடப் பத்து வயது இளையவர் தவறைச் சுட்டிக்காட்டினால் என்ன செய்வீர்கள்? வார்டில் என்ன நடக்கும் என்று தெரிந்து பேசுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, டயப்பர் மாற்றுவது, சிறுநீர்ப் பையில் எத்தனை மில்லிலிட்டர் என்று குறித்துவைப்பது, எல்லாம் மாணவர் காலத்திலேயே தொடங்கிவிடும். வங்கி முகப்பில் ஏழாண்டு மனிதர்களைச் சந்தித்திருந்தால் அந்த அனுபவத்தை மறைக்காதீர்கள், அதுதான் உங்கள் பலம்.

டிப்ளோமாவா, பட்டமா? பட்டதாரி டிப்ளோமா படித்தால் கௌரவக் குறைச்சல் என்கிறார் என் மாமியார்.
_வாசகி, ஈசூன்_

இரண்டும் பதிவுபெற்ற தாதி என்ற ஒரே தகுதியில்தான் முடியும். தொடக்கச் சம்பளம் பட்டத்துக்குச் சற்று அதிகம், நிர்வாக, ஆய்வுப் பொறுப்புகளுக்குப் பாதை நேராக இருக்கும். டிப்ளோமாவில் செய்முறைப் பயிற்சி கூடுதல். பிறகு பணியில் இருந்தபடியே பட்டம் சேர்த்துக்கொள்ளலாம். கட்டுரையும் ஆய்வுத்தாளும் வேப்பங்காயாகக் கசக்கும் ஆளானால் டிப்ளோமாவை எடுங்கள். மாமியாரிடம் தாதிமைப் பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள், போதும்.

நிதியாதரவு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் எதைக் கவனிக்க வேண்டும்?
_வாசகர், ஜூரோங் வெஸ்ட்_

நிதியாதரவு தரும் நிறுவனம் கட்டணத்தைக் கட்டி, மாதாமாதம் பயிற்சிப்படியும் தரும். அந்தப் படியை உங்கள் பழைய சம்பளத்தோடு ஒப்பிட வேண்டாம், மனம்தான் நோகும். வீட்டுக்கடனும் குழந்தைப் பராமரிப்புச் செலவும் இருந்தால் அந்த இரண்டு ஆண்டுக்கான மாத வரவு செலவை முதலில் தாளில் போட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியது பிணைக்காலம், அதாவது அந்த நிறுவனத்தில் நீங்கள் கட்டாயம் வேலை செய்ய வேண்டிய காலம். அது எந்த நாளில் தொடங்குகிறது என்று பாருங்கள்; பொதுவாகப் படிப்பு முடிந்து வேலை தொடங்கும் நாளில்தான் எண்ணத் தொடங்குவார்கள். சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அவ்வளவு நாளும் பின்னால் சேருமா? ஒரு பாடத்தில் தோற்றால் அடுத்த வாய்ப்பின் செலவு யாருடையது? பாதியில் விலகினால் திருப்பித்தர வேண்டியது கட்டணம் மட்டுமா, வாங்கிய படியும் வட்டியும் சேர்த்தா? எந்தப் பிரிவு, எந்த மருத்துவமனை என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா? பதிலை வாய்மொழியாகக் கேட்டு நகராதீர்கள், மின்னஞ்சலில் வாங்குங்கள். உத்தரவாதக் கையெழுத்துப் போடும் உறவினரும் அந்தப் பக்கங்களைப் படித்தபின் போடட்டும்.

2024இல் அறிவிக்கப்பட்ட ஏஞ்சல் திட்டத்தைச் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது படிப்புக்கான பணமல்ல. பொதுச் சுகாதாரத் துறையில் நீடிக்கும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை தவணைகளாகத் தரும் திட்டம் அது.

படிப்பில் சேரக் கேட்கும் தடுப்பூசிப் பட்டியல் மிரட்டுகிறது. எப்போது தொடங்க வேண்டும்?
_வாசகி, செங்காங்_

விண்ணப்பிக்கும்போதே. ஹெபடைடிஸ் பி மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மூன்றாவது ஊசிக்குப் பின் 1 முதல் 2 மாதத்தில் ரத்தப் பரிசோதனை; எதிர்ப்புப் புரதம் லிட்டருக்கு 10 ஐயூவாவது (அனைத்துலக அலகு) இருக்க வேண்டும். ஆக, வெறுங்கையோடு தொடங்குபவருக்கு ஏழெட்டு மாதம் ஓடிவிடும். அளவு எட்டாவிட்டால் இன்னொரு சுற்று. ஊரில் சிறுவயதில் போட்ட அட்டை தொலைந்துவிட்டதா? கவலை வேண்டாம், ரத்தப் பரிசோதனையே சான்றாகும்.

தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா கூட்டு ஊசியும் சின்னம்மை ஊசியும் தலா இரண்டு தவணை, இடையில் குறைந்தது 4 வாரம். இவை உயிருள்ள கிருமி சேர்ந்த ஊசிகள். இரண்டையும் ஒரே நாளில் போடலாம். தவறினால் 4 வாரம் காத்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இவை கூடாது, போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பையும் தள்ளிப்போட வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் இந்த ஒரு விஷயத்தால் மொத்த அட்டவணையையும் மாற்ற நேரிடுகிறது.

கணக்கு என்றாலே நடுக்கம். மருந்துக் கணக்கு கடினமா?
_வாசகர், தெம்பனிஸ்_

எட்டாம் வகுப்புப் பெருக்கல், வகுத்தல்தான். ஆனால் தப்பினால் மதிப்பெண் அல்ல, மனிதர் போவார்.

18 கிலோ குழந்தை, பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 18 × 15 = 270 மில்லிகிராம். புட்டியில் 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் என்றிருந்தால் 270 ÷ 250 × 5 = 5.4 மில்லிலிட்டர். அதே மருந்து 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் என்ற புட்டியிலும் வரும், அதில் 11.25 மில்லிலிட்டர். இரு புட்டியும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். கணக்கு சரியாகப் போட்டும் லேபிளைப் படிக்காமல் இரட்டிப்பு அளவு கொடுப்பது இப்படித்தான்.

டிரிப் கணக்கு: 500 மில்லிலிட்டர், 4 மணி நேரம், குழாய் மில்லிலிட்டருக்கு 20 சொட்டு. 500 × 20 = 10,000; 240 நிமிடத்தால் வகுத்தால் 41.7, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. மணியை நிமிடமாக்க மறந்தால் 2,500 வரும். அந்த எண்ணைப் பார்த்ததும் "இது நடக்காதே" என்று மனம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் விடையை முதலில் தோராயமாக ஊகித்துவிட்டுப் பிறகு கணக்குப் போடச் சொல்கிறோம்.

கணவரின் வேலை அனுமதியை ஒட்டி இங்கே இருக்கிறேன். இந்தத் திட்டத்தில் சேரலாமா?
_வாசகி, புங்கோல்_

முடியாது. நிரந்தரவாசியான பிறகுதான்.

அமெரிக்காவில் ஓராண்டில் முடிக்கலாம் என்கிறார்களே?
_வாசகர், பிடோக்_

பட்டதாரிகளுக்கான துரிதப் படிப்பு அங்கே 12 முதல் 18 மாதம். ஆனால் அதில் சேருவதற்கு முன்பே உடற்கூறியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் போன்றவற்றை முடித்திருக்க வேண்டும். அவற்றில் சிலவற்றுக்கு ஆய்வகமும் உண்டு. வணிகவியல் பட்டதாரிக்கு அதுவே ஓராண்டு தின்னும். பல கல்லூரிகள் 5 அல்லது 7 ஆண்டுக்கு முந்தைய அறிவியல் பாடங்களை ஏற்பதில்லை. இங்குள்ள சான்றிதழ்களைப் பாடவாரியாக மதிப்பீடு செய்து அனுப்பவும் கேட்பார்கள். முடித்தபின் என்கிளெக்ஸ் எனும் தாதிமை உரிமத் தேர்வு.

ஆஸ்திரேலியாவில் பட்டதாரிகளுக்கு 2 ஆண்டு முதுநிலைப் படிப்பு. குறைந்தது 800 மணி நேர மருத்துவமனைப் பயிற்சி. பிரிட்டனில் 2,300 மணி நேரம். எங்கே படித்தாலும் இங்கே திரும்பி வேலை செய்யச் சிங்கப்பூர்த் தாதிமை வாரியத்தின் பதிவு வேண்டும், அதற்குத் தகுதித்தேர்வும் எழுத வேண்டியிருக்கலாம். முன்பணம் கட்டுவதற்கு முன், அந்தக் கல்லூரியின் பெயரைக் குறிப்பிட்டு வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள்.