மதுப்பழக்கத்தைத் தடுக்கும் கல்வி விளையாட்டு என்றால் என்ன?

பதின்வயதினர் குடிக்கு ‘வேண்டாம்’ சொல்வதைத் திரையில் பழக்கும் விளையாட்டு இது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்காக உருவாக்கிய ‘பிளர்டு மைண்ட்ஸ்’ நல்ல உதாரணம். அதில் ஒரு ‘ஸ்டாண்டர்டு டிரிங்க்’கை, அதாவது 10 கிராம் ஆல்கஹால் உள்ள அளவு மதுவை, திரையில் உள்ள கோப்பையில் சரியாக ஊற்றிப் பார்க்கச் சொல்வார்கள். கண்மதிப்பு எவ்வளவு ஏமாற்றும் என்பது அங்கேயே உறைக்கும். அப்புறம் ஒரு வீட்டு பார்ட்டியும் உண்டு. யாராவது மதுவை நீட்டினால் என்ன செய்வது என்று மாணவரே முடிவெடுக்க வேண்டும்.

ஏன் விளையாட்டு? குடி கெடுதல் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். தடுமாற்றம் வருவது நண்பர்கள் முன்னால், அந்தச் சில நொடிகளில்தான். காலி மைதானத்தில் சைக்கிள் பழகிவிட்டு மெயின்ரோட்டுக்குப் போவது மாதிரி, பதிலை முன்பே பழகியிருந்தால் வாய் அடைக்காது.

ஒருமுறை விளையாடினாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, ஆசிரியரும் பெற்றோரும் கூடவே பேச வேண்டும்.