பாதி விலை ரயில் செட்டும் மண்டபத்து உப்புக்காற்றும்

கேள்வி: ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று மண்டபத்தில் இருக்கிறேன். பாம்பன் பாலத்தில் மீட்டர்கேஜ் வண்டி போவதைப் பார்த்தே வளர்ந்தவன். வீட்டில் ஒரு மாதிரி ரயில் ஓட்ட வேண்டும் என்று நெடுநாள் ஆசை; 30,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவர் தன் பழைய எச்.ஓ. அளவு மாதிரி ரயில் செட்டை, பித்தளைத் தண்டவாளத்தோடு, பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: இன்ஜினும் பெட்டிகளும் நன்றாக இருந்தால் வாங்குங்கள் சார். தண்டவாளம் வேண்டாம்.

இந்த ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. பித்தளை கறுத்துவிட்டால் அந்தக் கறுப்பு மின்சாரத்தைத் தடுக்கும். வண்டி திக்கித் திக்கி நிற்கும். உங்கள் ஊர் உப்புக்காற்றில் அது சீக்கிரமே கறுக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளமாகப் பார்த்துப் புதிதாக வாங்குங்கள். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். அதுவும் மங்கும், ஆனால் பித்தளையைவிட மெதுவாகத்தான். செலவை இதில் குறைக்காதீர்கள்.

அடுத்து அடாப்டர். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. அடாப்டரில் ‘100–240’ என்று அச்சிட்டிருந்தால் சரி. 120 மட்டும் இருந்தால் பிளக்கில் சொருகவே கூடாது, கருகிவிடும்.

தனி ஆள் தன் பழைய பொருளை விற்கும்போது நுகர்வோர் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது. அதனால் பணம் கொடுக்குமுன் அவர் வீட்டிலேயே பத்து நிமிடம், முன்னும் பின்னும், மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வேகமாக ஓடும் இன்ஜினில் குறை தெரியாது. புதிய தண்டவாளத்தைக் கடையிலோ இணையத்திலோ வாங்கும்போது பில் கேட்டு வாங்கி, பார்சல் பிரிப்பதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பழுதைக் காட்டியும் கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்.

நீங்கள் மீட்டர்கேஜ் என்று எழுதியதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எச்.ஓ. என்பது நிஜ ரயிலின் அளவில் 87-இல் ஒரு பங்கு. இரு தண்டவாளங்களுக்கும் இடையே அதில் 16.5 மி.மீ. இடைவெளி; அது நிஜத்தில் 1,435 மி.மீ. இடைவெளி உள்ள ஸ்டாண்டர்டு கேஜ் பாதைக்கானது. மீட்டர்கேஜ் வண்டிக்கு 12 மி.மீ. இடைவெளித் தண்டவாளம் வேண்டும், அது தனி வகை. பழைய பாம்பன் வண்டியை அச்சு அசலாகப் பார்க்க நினைத்தால் இந்த செட் உங்களை ஏமாற்றும். ரயில் ஓடினால் போதும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

8-க்கு 4 அடி பிளைவுட் ஒன்று போதும். நீர் தாங்கும் ரகமாக, ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். 1914-இல் திறந்த பாலம் முழுவதையும் இந்த அளவில் செய்தால் 24 மீட்டர் நீளும், எந்த வீடும் கொள்ளாது. நடுவில் கப்பலுக்குத் திறந்து வழிவிட்டதே, அந்தத் தூக்குப் பகுதியை மட்டும் அட்டையிலும் பால்சா மரத்திலும் செய்து பலகையின் ஓரத்தில் பொருத்துங்கள். கடல் பக்கத்து ஜன்னலுக்கு எதிரே மட்டும் வைக்க வேண்டாம். ஓட்டி முடித்ததும் இன்ஜினைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்துவிடுங்கள். தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறலில் அழுக்கு தங்கும்.