டிசபிலிட்டி பென்ஷன்: மேல்முறையீடும் தள்ளுபடியா?

கேள்வி: என் கணவரை 2011-ல் வலிப்பு நோய் என்று ராணுவத்தில் இருந்து அனுப்பிவிட்டார்கள். பாதிப்பு 30 சதவீதம், ஆனால் ‘பணியால் வந்ததல்ல’ என்று பென்ஷன் இல்லை. மேல்முறையீடும் தள்ளுபடி. வேறு வழி உண்டா?
- வாசகி, வேலூர்

பதில்: தாராளமாக உண்டு, சகோதரி. ராணுவத்தினரின் பணி, பென்ஷன் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது, அங்கே வழக்குப் போடலாம். 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் (அவருக்கும் வலிப்புதான்) உச்ச நீதிமன்றம் என்ன சொன்னதென்றால், வேலையில் சேரும்போது எழுதிய மருத்துவக் குறிப்பில் நோய் இல்லையென்றால் அது பணியால் வந்ததாகவே பொதுவாகக் கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் பாடு, பணியிலிருந்து அனுப்பும்போது பரிசோதிக்கும் ராணுவ மருத்துவக் குழுவும் காரணம் எழுதாமல் தட்டிக்கழிக்க முடியாது. சரி, முதலில் அந்தக் குழுவின் அறிக்கை நகலை வாங்கி, காரணம் என்ற இடத்தில் என்ன கிறுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜெயித்தால் 30 சதவீதத்தை 50 ஆக்கிக் கேட்கவும் 2014 தீர்ப்பு ஒன்று கைகொடுக்கும். நிலுவை மட்டும் பெரும்பாலும் வழக்குக்கு முந்தைய 3 வருடத்துக்குத்தான், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.