பிளக் மாத்தியும் மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங் போகலன்னா

பிளக் நாலும் புதுசு போட்டும் ஐடிலிங்ல வண்டி உதறுது, ஸ்கேனர்ல பி0303 (மூணாவது சிலிண்டர் சரியா எரியலங்கிற எரர் கோடு) திரும்பத் திரும்ப வருதுன்னு சொல்றீங்க, இனிமே சும்மா பார்ட்ஸ் வாங்கிப் போட்டு காசைக் கரைக்காதீங்க ப்ரோ. மூணாவது சிலிண்டர் காயிலை (பிளக்குக்கு கரண்ட் குடுக்குறது) கழட்டி ஒண்ணாவதுல மாட்டி, எரரை அழிச்சிட்டு ஓட்டுங்க, பி0301னு வந்தா காயில்தான் போச்சு. கழட்டும்போதே பிளக் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, ஆயில் தேங்கியிருந்தா வால்வ் கவர் சீல் லீக், பழைய வண்டில இது ரொம்ப சகஜம், காயில் பூட் (பிளக் மேல மாட்டுற ரப்பர் உறை) ஊறிப்போயி ஸ்பார்க் வேற வழில பாஞ்சிடும். எரர் மூணுலயே நிக்குதா? நீளமான ஸ்க்ரூடிரைவரை இன்ஜெக்டர்ல (பெட்ரோல் பீச்சுற பார்ட்) வெச்சு பிடில காதை வைங்க, டிக்டிக் சத்தம் நாலுலயும் ஒரே மாதிரி வரணும். அதுவும் சரின்னா கம்ப்ரெஷன் டெஸ்ட்தான் (சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்ளோன்னு அளக்குறது), மூணுல மட்டும் கம்மியா காட்டுனா பிளக் ஓட்டைல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க, ஏறுச்சுன்னா பிஸ்டன் ரிங் போச்சு, ஏறலன்னா வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ போச்சு. ரீடிங்கைப் போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.