சேறு குழைக்கத் தெரிந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

ஆப்பிரிக்காவின் நிலைத்த வளர்ச்சிக்குக் கலை, பண்பாட்டுத் துறைகளில் தலைமை தேவை என்று படித்தேன். சோற்றுக்கே வழியில்லாத இடத்தில் கலை எதற்கு? அத்தகைய தலைவர்களை எங்கே பயிற்றுவிக்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

54 நாடுகளை 'சோற்றுக்கே வழியில்லாத இடம்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். படித்தவர் செய்கிற காரியமா இது? பயிற்சிக்கூடங்களின் முகவரிகளை நீங்களே தேடிக்கொள்ளலாம். உங்கள் கடிதம் வந்த வேளையில் மாலி நாட்டின் ஜென்னே நகரத்துப் பெரிய பள்ளிவாசலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதால்தான் பதில் எழுதுகிறேன்.

1907இல் எழுப்பப்பட்ட இன்றைய கட்டடம் முழுக்க மண். மழை அதன் மேற்பூச்சைக் கரைத்துவிடும் என்பதால், ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பே ஊர் திரண்டு அதைப் பூசுகிறது. உமி கலந்து நாள்கணக்கில் புளிக்கவிட்ட சேற்றை இளைஞர்கள் கூடை கூடையாகச் சுமந்து ஓட, பெண்கள் தண்ணீர் கொண்டுவர, சுவரில் வரிசையாகத் துருத்திநிற்கும் பனங்கட்டைகளில் கால்வைத்து ஏறிய கொத்தர்கள் வெறுங்கையால் பூசுகிறார்கள். (அந்தப் பனை நம் பனைக்கு நெருங்கிய உறவு.) இவ்வேலையை நடத்துவது 'பாரே தோன்' எனும் கொத்தர் சங்கம். சேற்றின் பக்குவத்தைத் தொட்டுப்பார்த்துச் சொல்லும் மூத்த கொத்தரைத்தான் நான் தலைவர் என்பேன். மேடையில் மாலை வாங்குபவரை அல்ல.

என் பாட்டி பொங்கலுக்கு முன் எங்கள் வீட்டு மண்சுவரை மெழுகுவார். அப்பா சிமெண்ட் பூசினார். சுவர் இன்றும் உறுதியாக நிற்கிறது. ஆனால் மண்ணில் எதை எவ்வளவு கலப்பது என்ற கணக்கு பாட்டியோடு போய்விட்டது. பேரப்பிள்ளைகள் ஏழு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை, நான் உட்பட. ஜென்னேயில் சுவர் கரைகிறது. கரைவதால்தான் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிறுவன் கூடையோடு மூத்தவர் அருகில் நிற்க வேண்டியிருக்கிறது, நின்று கற்கவும் செய்கிறான். 'நிலைத்த' என்ற சொல்லுக்குக் கெட்டியானது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளும் பொறியாளர் புத்தியை நீங்கள் விட்டொழித்தால் நல்லது.

ஜென்னே 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும், 2016இல் ஆபத்திலுள்ள மரபிடங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. பட்டியல்கள் சுவர் பூசுவதில்லை.

சோறா கலையா என்றுதானே கேட்டீர்கள்? அந்தச் சேற்றில் கலப்பது நெல்லின் உமி, எஸ். விளைச்சல் பொய்த்தால் பள்ளிவாசலுக்கும் தட்டுப்பாடுதான்.