ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு வீடு: விளம்பரம் சொல்லாத விவரங்கள்

கேள்வி: நாங்கள் லண்டனில் வசிக்கும் பிரித்தானியக் குடிமக்கள். பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கில் ஆர்வம் வந்துவிட்டதால், பிரான்ஸில் ஒரு சிறிய வீடு வாங்க எண்ணுகிறோம். இரண்டு வீடுகள் பிடித்திருக்கின்றன. ஒன்று, மோர்சீனில் 1970களில் கட்டப்பட்ட அடுக்குமாடியின் மேல்தளத்தில் உள்ள வீடு. மற்றொன்று லா ப்ளாஞ் பகுதியில், விடுதி நிறுவனம் ஒன்று குத்தகைக்கு எடுத்து நடத்தும் வளாகத்தில் உள்ளது. அதன் விலை குறைவு, ஆண்டுக்கு 4 சதவீத வருமானம் உறுதி என்கிறார் முகவர். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டாவது வீட்டின் விலை ஏன் குறைவு என்பதிலிருந்து தொடங்குவோம். அந்த வீட்டை வாங்கும்போது வீட்டோடு ஒரு வணிகக் குத்தகையும் உங்கள் கைக்கு வருகிறது. குறைந்தது 9 ஆண்டுகளுக்குப் போடப்படும் இந்தக் குத்தகை, வீடு கைமாறினாலும் தொடரும். காலம் முடிந்ததும் வீட்டை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் நம்பி வாங்குகிறார்கள். ஆனால் பிரெஞ்சுச் சட்டப்படி, குத்தகையைப் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை நடத்துநருக்கு, அதாவது வளாகத்தை நடத்தும் விடுதி நிறுவனத்துக்கு, உண்டு. நீங்கள் மறுத்தால், அவருடைய வியாபார இழப்பை ஈடுசெய்யும் தொகையை நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அது சிறிய தொகையாக இருக்காது.

'உறுதி' என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். அந்த 4 சதவீத வருமானத்தை வாடகையாகத் தருவது நடத்தும் நிறுவனம். அது நொடித்துப்போனால் உறுதியும் அதனோடு போய்விடும். வாடகையைக் குறைக்காவிட்டால் நடத்த முடியாது என்று குத்தகையின் நடுவிலேயே உரிமையாளர்களிடம் பேரம் பேசிய நடத்துநர்களும் உண்டு. வீடு புதிதாக விற்கப்பட்டபோது முதல் உரிமையாளர் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெற்றிருக்கலாம். அப்படியானால் அந்த வீடு 20 ஆண்டுகள் விடுதிப் பயன்பாட்டில் இருந்தாக வேண்டும். இடையில் விலகினால், எஞ்சிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இருபதில் ஒரு பங்கு வரியைத் திருப்பிக் கட்ட நேரிடும். இவற்றுக்கு மேல், உங்கள் சொந்த வீட்டில் எந்த வாரங்களில் தங்கலாம் என்பதையும் குத்தகையே தீர்மானிக்கும். கிறிஸ்துமஸ் வாரத்தையும் பிப்ரவரிப் பள்ளி விடுமுறையையும் நடத்துநர் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார். பிள்ளைகளுக்காக வாங்கும் உங்களுக்குத் தேவைப்படுவதும் அந்த வாரங்கள்தான். ஆகவே குத்தகையின் முழு நகலைப் படித்துப் பார்க்கும் வரை அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். படித்த பிறகும் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

மோர்சீன் வீட்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மேல்தளம் என்பதால் ஒரு அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். பிரான்ஸில் அடுக்குமாடி வீட்டின் பரப்பைக் கணக்கிடும் கார்ரே சட்டத்தின்படி, கூரை உயரம் 1.80 மீட்டருக்குக் குறைவான இடம் பரப்பில் சேராது. சரிவான கூரையின் கீழ் உள்ள அறையில் தரைமுழுவதும் கம்பளம் விரித்து, ஓரத்தில் ஒரு கட்டிலையும் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தால் தலை உத்தரத்தில் இடிக்கும். அந்த இடத்தையும் பரப்போடு சேர்த்து விளம்பரத்தில் கூறுவதில் முகவர்கள் கெட்டிக்காரர்கள். பத்திரத்தில் எழுதப்படும் பரப்பு மட்டுமே உங்களைக் காக்கும்: உண்மைப் பரப்பு அதைவிட 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், கிரயம் முடிந்து ஓராண்டுக்குள் விலையில் அதற்கேற்ற குறைப்பைக் கோரலாம். அதேபோல், வாசலை ஒட்டிய சன்னல் இல்லாத நடைவழியில் ஈரடுக்குக் கட்டில் போட்டு 'மலை மூலை' என்று பெயரிட்டிருந்தால், அதைப் படுக்கையறையாக எண்ணி விலை பேசாதீர்கள்.

அடுத்து, அடுக்குமாடி உரிமையாளர் கூட்டத்தின் கடைசி மூன்று ஆண்டு நடவடிக்கைக் குறிப்புகளை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். மின்தூக்கி மாற்றம், கூரைப் பழுது, வெளிச்சுவர்களுக்கு வெப்பக்காப்பு என்று கூட்டத்தில் பேசப்பட்டு, இன்னும் பணம் வசூலிக்கப்படாத வேலைகள் அதில்தான் தெரியவரும். 1970களின் கட்டடங்கள் பலவற்றில் மின்சார வெப்பமூட்டிகள்தான் இருக்கும். எனவே ஆற்றல் மதிப்பீட்டுச் சான்றில் ஏ முதல் ஜி வரையிலான எழுத்துகளில் எது இருக்கிறது என்று பாருங்கள். ஜி பெற்ற வீட்டை 2025 ஜனவரி முதல் நிரந்தரக் குடித்தனத்துக்குப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2024 நவம்பரில் வந்த சட்டத்தின்படி, சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்படும் இரண்டாம் வீடுகள்கூட 2034 முதல் குறைந்தது டி தரத்தில் இருக்க வேண்டும். அதே சட்டம் குறுகியகால வாடகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நகராட்சிகளுக்குக் கூட்டியிருக்கிறது. ஆகவே வாடகை வருமானத்தை நம்பிக் கடன் வாங்குவதற்கு முன் நகராட்சி அலுவலகத்தில் விதிகளைக் கேட்டுவிடுங்கள்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். மோர்சீன் கிராமம் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலுள்ள அவோரியாஸ் 1,800 மீட்டர், வேறொரு பனிச்சறுக்கு ஊரான வால் தோரான்ஸ் 2,300 மீட்டர். ஷார்த்ரோஸ் மலையில் 1,325 மீட்டரில் உள்ள கோல் த போர்த் அளவீட்டு நிலையத்தில், குளிர்காலப் பனியின் சராசரி ஆழம் 1960–1990 காலத்தோடு ஒப்பிடும்போது அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. கோடையிலும் ஆட்கள் வரும் ஊர் என்பதால் மோர்சீன் உடனே மதிப்பிழந்துவிடாது. ஆனாலும் உயர்ந்த ஊர்களின் விலையை இங்கே கொடுக்கக் காரணமில்லை. பனிச்சரிவு ஆபத்து வரைபடத்தையும் விற்பவர் தரும் ஆபத்து அறிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1999 பிப்ரவரியில் ஷமோனி அருகே மோன்ரோக்கில் மரவீடுகளின் மேல் பனிச்சரிவு விழுந்து 12 பேர் இறந்தனர்.

செலவைப் பொறுத்தவரை, பழைய வீட்டுக்கு விலைக்கு மேல் 7 முதல் 8 சதவீதம் பதிவுச் செலவாகும். அதில் பெரும்பகுதி வரியே. பத்திரத்தை முடிப்பவர் நோட்டேர் என்னும் அரசு நியமனம் பெற்ற சட்ட அலுவலர். உங்கள் பக்கத்துக்குத் தனியாக ஒரு நோட்டேரை அமர்த்தினாலும் கட்டணம் கூடாது, இருவரும் அதையே பகிர்ந்துகொள்வார்கள். ஆகவே தயங்காமல் அமர்த்துங்கள். முன் ஒப்பந்தம் கையெழுத்தான பின் காரணம் சொல்லாமல் விலக உங்களுக்கு 10 நாள் உண்டு. வங்கிக்கடன் வாங்குவதாக இருந்தால், கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்ற நிபந்தனையை விட்டுக்கொடுக்காதீர்கள். பிறகு ஆண்டுதோறும் சொத்துவரியும், இரண்டாம் வீடுகளுக்கு மட்டும் இன்னும் தொடரும் குடியிருப்பு வரியும் வரும். பல நகராட்சிகள் பின்னதன் மேல் 60 சதவீதம் வரை கூடுதல் வரி விதிக்கலாம். வீடு இருப்பதால் தங்கும் உரிமை கிடைக்காது: நீண்டகால விசா இல்லாமல், 180 நாளில் 90 நாள்தான்.

கேள்வி: சுவிட்சர்லாந்து பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே வாங்கலாமா?

பதில்: கடினம். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான விடுமுறை வீட்டு அனுமதிகள் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 1,500 மட்டுமே; பரப்பு பொதுவாக 200 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது, ஆண்டு முழுவதும் வாடகைக்கு விடவும் கூடாது. 2012 வாக்கெடுப்புக்குப் பின், இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டிய ஊர்களில் புதிதாகக் கட்டுவதும் பெரும்பாலும் நின்றுவிட்டதால் விலை ஏறிக்கிடக்கிறது.

கேள்வி: சென்னையில் இருக்கும் என் அண்ணன் பங்கு சேரலாமா?

பதில்: சேரலாம். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஆனால் அது அவருடைய சொந்தப் பணமாக இருக்க வேண்டும், வங்கிக்கடனாக இருக்கக் கூடாது. 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதத்தை வரியாக முன்கூட்டியே வசூலிக்கும். அதை வருமானவரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம். நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் வெளிநாட்டு முதலீட்டுக்கான வேறு விதிகள் பொருந்தும் என்பதால், அவருடைய பங்கை அவர் பெயரிலேயே எழுதுவது நல்லது. வாடகை ஒரு ரூபாய்கூட வராவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் வருமானவரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தப் பங்கைக் காட்டியாக வேண்டும். விட்டுவிட்டால் அபராதம் 10 லட்சம் ரூபாய்.