கடைசி வாரத்தில் சொல்லும் உண்மைகள்: சாஃப்ட்வேர் வேலை பற்றிக் கேள்வி பதில்

22 வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். புரோகிராம் எழுதினேன், டீம் நடத்தினேன். கடைசி 6 வருடமாக இன்னொரு பொறுப்பும் என் தலையில்: வேலையை விட்டுப் போகிறவர்களைக் கடைசி வாரத்தில் உட்காரவைத்து, என்ன பிடித்தது, என்ன கசந்தது என்று கேட்பது. அந்த அறையில் கேட்டதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். விசா, வரி, வழக்கு இவையெல்லாம் என் துறை அல்ல.

புதுமுகம்: அடுத்த மாதம் என் முதல் வேலையில் சேர்கிறேன் அக்கா. உள்ளே இருப்பவர்களுக்கு நிஜமாகவே பிடித்தது எது?

சேர்ந்த புதிதில் எல்லோரும் புகழ்வது புது லேப்டாப், வந்துபோகும் நேரத்தில் கெடுபிடி இல்லாதது, மூலையில் கிடக்கும் டேபிள் டென்னிஸ் மேஜை. போகிற வாரத்தில் ஒருவர்கூட அந்த மேஜையைப் பற்றிப் பேசியதில்லை.

ஒருவர் என்னிடம் ஒரு பக், அதாவது புரோகிராமில் இருந்த பிழை, பற்றிச் சொன்னார். வருடத்தில் சில நாட்கள் மட்டும் ஒரு ரிப்போர்ட் தப்பாக வருமாம். மற்ற நாட்களில் தலைகீழாக நின்றாலும் வராது. அவரும் பக்கத்து சீட்காரரும் நாலு நாள் தோண்டியிருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் விஷயம் இதுதான்: ஜனவரி 31-உடன் ஒரு மாதத்தைக் கூட்டினால் பிப்ரவரி 31 வர வேண்டும். அப்படி ஒரு தேதி கிடையாதே! புரோகிராம் தன் பாட்டுக்கு மார்ச்சுக்குத் தாவிவிட்டது. "கண்டுபிடித்ததும் ரெண்டு பேரும் எழுந்து நின்னுட்டோம் மேடம்" என்றார். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

சரி, அப்புறம் ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். "அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் ஆச்சு. அந்த மாதிரி நாலு நாள் திரும்பக் கிடைக்கவே இல்லை."

வெவ்வேறு வார்த்தைகளில் நான் அதிகம் கேட்ட குறை இதுதான். காலை 10 மணிக்கு ஸ்டாண்ட்-அப் என்ற தினசரி மீட்டிங், 11-க்கு ஒரு கால், 12-க்கு ரிவ்யூ. நடுவில் கிடைக்கிற அரை மணியில் நேற்று எங்கே விட்டோம் என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்ததும் அடுத்த மீட்டிங் வந்துவிடும்.

சம்பளக் கணக்கு: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எல்லோரும் சம்பளத்துக்காகத்தானே தாவுகிறார்கள்?

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் கொடுக்கும் பக்கம் இருப்பவர்கள். ஆனால் தொகை குறைவு என்பதைவிட ஆழமாகக் குத்துவது ஒன்று உண்டு. நேற்று வந்தவருக்குச் சந்தை விலை, 5 வருடம் இருந்தவருக்கு வருடாந்திர ஹைக் (சம்பள உயர்வு) மட்டும். புதியவருக்கு வேலை கற்றுக்கொடுப்பது பழையவர். இது தெரிய வரும் நாளில் ரெஸ்யூமே தூசி தட்டப்படும்.

பங்கு உண்டாம்: ஆஃபரில் கம்பெனிப் பங்கு தருவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

பரவலான ஏற்பாட்டில் பங்கு முழுதும் கைக்கு வர 4 வருடம், அதில் முதல் ஒரு வருடம் வாசல்படி. 11-வது மாதம் கிளம்பினால் கையில் பூஜ்யம். ஒரு வருடம் முடிந்ததும் நாலில் ஒரு பகுதி சேரும், மீதி மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ. உங்களுடையது எப்படி என்று கேளுங்கள். கேட்டதை எழுத்தில் வாங்குங்கள்.

அரைத்தூக்கம்: மாதத்தில் ஒரு வாரம் ஆன்-கால், அதாவது எந்த நேரம் போன் வந்தாலும் எழுந்து சரிசெய்ய வேண்டும். இதை யாராவது விரும்புவார்களா?

விரும்ப மாட்டார்கள், பொறுத்துக்கொள்வார்கள். ராத்திரி 3 மணிக்கு போன் அடித்தால், இருட்டில் லேப்டாப் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு லாக் எனும் பதிவுகளைப் படிப்பது யாருக்கும் ஆசையில்லை. ஆனாலும் அதைப் பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் மறுநாள் காலை தூங்க அனுமதி இருந்தது. முறை போட்டுக்கொள்ளப் போதுமான ஆள் இருந்தார்கள். எழுப்பிய பிரச்சினையை வேரோடு சரிசெய்ய நேரமும் கிடைத்தது.

கசப்பது மூன்றாவது ராத்திரியும் அதே அலாரம் அடிக்கும்போது. "தெரிந்த பிரச்சினைதான், ரீஸ்டார்ட் பண்ணு" என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவர் அங்கே நெடுநாள் இருக்க மாட்டார். அப்புறம், ஆன்-காலுக்குத் தனிப் பணமா, அதற்கு ஈடாக விடுப்பா? எழுத்தில் வாங்குங்கள்.

எட்டுப் பேருக்கு மேனேஜர்: எல்லாம் எங்கள் தலையிலேயே விழுகிறது. அளக்காமல் யார் வேலை செய்கிறார், யார் ஒப்பேற்றுகிறார் என்று எப்படித் தெரியும்? நான் ஸ்டோரி பாயிண்ட் (ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரிசு என்று டீம் போடும் மதிப்பெண்) எண்ணுகிறேன். தப்பா?

எண்ணுவது தப்பில்லை. எண்ணி ஆளுக்கு ஆள் ஒப்பிடுவதுதான் வம்பு. 1982-இன் தொடக்கத்தில் ஆப்பிளின் லிசா கம்ப்யூட்டர் டீமில், வாரம் எத்தனை வரி புரோகிராம் எழுதினீர்கள் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். அந்த டீமின் புரோகிராமர் பில் அட்கின்ஸன் அந்த வாரம் வரைகலைப் பகுதி ஒன்றைத் திருத்தி எழுதியிருந்தார். அது ஏறக்குறைய 6 மடங்கு வேகமானது, கூடவே சுமார் 2000 வரி குறைந்தது. படிவத்தில் அவர் எழுதியது: -2000. சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

செமிகோலன்: எங்கள் டீமிலும் பாயிண்ட் எண்ண ஆரம்பித்தார்கள். 3 பாயிண்ட் வேலை இப்போது 8 பாயிண்ட். எல்லோரும் சந்தோஷம்.

எட்டுப் பேருக்கு மேனேஜர்: அட்கின்ஸன் மாதிரி ஆள் என் டீமில் இல்லையே! மூன்று வாரமாக "முடிகிற நிலையில் இருக்கிறது" என்று சொல்லும் ஆள்தான் இருக்கிறார்.

நியாயமான பேச்சு. அப்படி ஒருவர் இருந்தால் சுற்றி இருப்பவர்களுக்கும் வெறுத்துப்போகும். கடைசி வாரத்தில் அதையும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவரைக் கண்டுபிடிக்க பாயிண்ட் எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்து "எங்கே நிற்கிறது, காட்டுங்கள்" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பச்சை டிக்: நான் டெஸ்டர். எங்களை பக் எண்ணிக்கையில் அளக்கிறார்கள். நான் முன்கூட்டியே டெவலப்பரிடம் பேசி பக் வராமல் தடுத்தால் என் எண்ணிக்கை குறைகிறது, அப்ரைசலில் அடி. சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் பாராட்டு!

மேனேஜர் இந்தக் கேள்வியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

எட்டுப் பேருக்கு மேனேஜர்: படித்தேன். என் மேலதிகாரி என்னிடம் எண்தான் கேட்கிறார். அவருக்கு என்ன சொல்ல?

டீமின் மொத்த எண்ணைக் கொடுங்கள், ஆள் பெயர் போடாமல். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் கடைசி வாரத்தில் சந்திப்போம்.

சின்னதா பெரிசா: பெரிய கம்பெனியா, ஸ்டார்ட்அப்பா, எது நல்லது?

சேரப்போகும் டீமைப் பாருங்கள். கம்பெனியின் அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ரேங்க் லிஸ்ட்: அப்ரைசலில் டீமுக்கு ஒருவரைக் கட்டாயம் கீழே தள்ள வேண்டுமாம். எல்லா இடத்திலும் இப்படித்தானா?

இல்லை. மைக்ரோசாஃப்ட் பல வருடம் இப்படி வரிசைப்படுத்திவிட்டு 2013-இல் கைவிட்டது. இந்த முறையில் முதலில் சாவது உதவி. பக்கத்து சீட்காரருக்குக் கற்றுக்கொடுத்தால் நான் ஒரு படி இறங்குவேன் என்றால் யார் கற்றுக்கொடுப்பார்?

ஸ்டார்ட்அப் ஆசை: சின்ன கம்பெனியில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும் என்கிறார்களே, பெரிய கம்பெனியை விட்டுப் போகலாமா?

இரண்டு கேள்விக்கு மேலே பாருங்கள்.

ரிலீஸ் தள்ளிப்போச்சு: ப்ராஜெக்ட் தாமதம். மேலிடம் 5 பேரைப் புதிதாக அனுப்புகிறது. சந்தோஷப்பட வேண்டுமா?

ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற பெரிய மென்பொருள் ப்ராஜெக்டை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார்: தாமதமான ப்ராஜெக்டில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 பேருக்குள் 10 ஜோடி. 10 பேருக்குள் 45 ஜோடி. அத்தனை ஜோடியும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்போவது யார்? ஏற்கெனவே ராத்திரி கண்விழிக்கும் நீங்கள்தான். டெட்லைனை நகர்த்தக் கேளுங்கள், இல்லை வேலையில் ஒரு பகுதியை அடுத்த ரிலீசுக்குத் தள்ளக் கேளுங்கள்.

லீவு ராஜா: கணக்கில்லாத விடுப்பு தருகிறார்கள். அருமைதானே?

உங்கள் மேனேஜர் போன வருடம் எத்தனை நாள் எடுத்தார் என்று கேளுங்கள். அந்த எண்தான் உங்கள் விடுப்பு. சேர்த்துவைத்த விடுப்பு என்று கணக்கே இல்லாததால், போகும்போது அது பணமாக வருமா என்பதையும் கேளுங்கள். எழுத்தில்... தெரியும்தானே.

குழப்பம்: பெரிய கம்பெனி, சின்ன கம்பெனி...

வேண்டாம்.

நோட்டீஸ் பீரியட்: கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கேஸ் போடலாமா?

வழக்கறிஞரைப் பாருங்கள், இன்றைக்கே.

எட்டுப் பேருக்கு மேனேஜர்: கடைசியாக ஒன்று. மீட்டிங் நடுவில் நேரமே கிடைப்பதில்லை என்று நீங்கள் சொன்னீர்களே என்று என் டீமில் ஒருவரின் காலெண்டரைத் திறந்து பார்த்தேன். இந்த வாரம் அவருக்குத் தொடர்ச்சியாகக் கிடைத்த அதிகபட்ச நேரம் 50 நிமிடம். அளக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் மாற்றுக் கருத்து இல்லை.

எனக்கும் இல்லை, அந்த 50-ஐ அளந்தீர்களே. அந்த மீட்டிங்குகளில் எத்தனை நீங்கள் வைத்தவை?

எட்டுப் பேருக்கு மேனேஜர்: 7.